குடைக்காரரை வெட்டிய மதியம்

பெண் பார்க்கப் போன இடத்தில், "பழைய கருப்பு வெள்ளைப் படங்களைத் திரையிட்டு, அதற்கு முன்னால் நின்று நாலு வார்த்தை பேசுவேன்" என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பெண்ணின் தாய்மாமன் மிக்சரை மென்றபடி, "அது சரி மாப்ள, வேலைக்கு இன்னா பண்றீங்க?" என்றார்.

இளைய நண்பர்களே, இந்தக் கேள்வி உங்களையும் தேடி வரும். பழகிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு, மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் நலப் பிரிவில் இருந்தேன். சீருடை அளவு சரியில்லை, பஸ்ஸில் சீட்டு இல்லை, சாம்பாரில் பருப்பு இல்லை என்று ஆளாளுக்கு ஓர் இல்லையோடு வருவார்கள். அதற்கு நடுவில் மாதம் ஒரு சனிக்கிழமை மனமகிழ் மன்றத்தில் பழைய படம். அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களில் பருப்பைப் பற்றிப் பேசினேன். பிறகு முட்டி தேய்ந்தது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது அந்தத் திரையும் ஒலிபெருக்கியும் உங்கள் கையில். எந்த ஒயரை எங்கே செருகுவது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. அதைச் சொல்கிறேன்.

கடற்கரையோரம் ஆராய்ச்சி நிலையக் குடியிருப்பில் ஒருமுறை படம் போட்டேன். நாயகி நிலவொளியில் தனியாகப் பாடுகிறாள். ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியின் நிழலை அவள் முகத்தில் விழவைத்து, அந்தக் கால ஒளிப்பதிவாளர் ஒரு சிறைச்சாலையையே கட்டியிருந்தார். முடிந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கைப் போட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு விஞ்ஞானி கையைத் தூக்கி, நிலா அந்தப் பக்கம் இருந்தால் நிழல் இந்தப் பக்கம் எப்படி விழும் என்று கேட்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "பாட்டு முழுக்க என் முந்தானையில கண்ண தொடச்சுட்டு இப்ப கேள்வியப் பாரு" என்றார்.

மக்களுக்கு நாம் ரசனை கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களுக்கும் படத்துக்கும் நடுவில் நிற்காமல் இருந்தால் போதும் என்று அன்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேன் என்றுதான் சொன்னேன். கடைப்பிடித்தேன் என்று சொல்லவில்லை. கடைப்பிடிக்க வைத்தவர் ஒரு குடைக்காரர்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம். யாராவது ஓய்வு பெற்றால், அந்தச் சனிக்கிழமை அவர் கேட்கும் படத்தை எல்லாருடைய குடும்பங்களோடும் சேர்ந்து பார்ப்போம். பெரும்பாலும் வாள்சண்டைப் படம் கேட்பார்கள். வாழ்நாள் முழுக்க மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியாததை அந்த வாள் சொல்லும். பெயின்ட் பிரிவு ஃபோர்மேன் தேவராஜ் கேட்டதோ யாரும் கேள்விப்படாத படம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தப் பத்தியோடு என்னை விட்டுவிட்டுப் போனில் தேடப் போய்விடுவீர்கள்.

தேவராஜ் என் அறைக்கு மனைவியோடு வந்தார். அந்த அம்மா பெயர் எஸ்தர். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"கல்யாணம் ஆன புதுசு சார்," என்றார் தேவராஜ். "எங்க ஊரு கடப்பாக்கத்துல டென்ட்டு கொட்டாய். இந்தப் படந்தான் பாத்துகினு இருந்தோம். கடைசி சீனு. டீச்சரம்மா ரயிலு ஏறிட்டா. ரயிலு கெளம்புது. ஹீரோ ஓடியாரான். அவ வாசப்படில நின்னுகினு பாக்கறா. அப்ப அடிச்சிது பாரு ஒரு கடக்காத்து! டென்ட்டு பிச்சிகினு போயிடுச்சு."

"திரையும் சேந்து போயிடுச்சு," என்றார் எஸ்தர். "அவ மூஞ்சி அப்பிடியே பறந்து போச்சு சார்."

கதை இதுதான். நாயகி ஒரு ஆசிரியை. தூரத்து ஊரில் தலைமை ஆசிரியை வேலை கிடைக்கிறது. அவளை விரும்பும் அச்சகக்காரன் வீம்புக்காரன். "போறதுன்னா போ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கடைசியில் மனசு கேட்காமல் ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறான். ரயில் நகர்ந்துவிட்டது. அவள் இறங்கினாளா, போய்விட்டாளா? கடப்பாக்கத்துக் காற்று அதைச் சொல்லவிடவில்லை. இணையத்தில் இருக்கும் பிரதியிலும் ரயில் நகரும்போதே படம் அறுந்துவிடும். காற்று அங்கேயும் அடித்திருக்கிறது.

"எறங்கியிருப்பா," என்றார் எஸ்தர். "ஆசப்பட்டவன் ஓடியாரான், எறங்காம?"

"எறங்க மாட்டா. எப்பேர்ப்பட்ட ராங்கிக்காரி அவ!"

"பாத்தீங்களா சார்? முப்பது வருஷமா இதே பேச்சு."

சண்டை அதோடு நின்றிருந்தால் எனக்கும் நிம்மதி. தேவராஜ் கடப்பாக்கத்தில் புதிதாக வீடு கட்டி முடித்திருந்தார். ஓய்வு பெற்ற கையோடு அங்கே போய்விட வேண்டும் என்பது அவர் திட்டம். எஸ்தருக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தது.

"வேலைய வுட்டுட்டு வான்றேன். கேக்க மாட்டேன்றா."

"இவரு ரிட்டயர்டு ஆனா நானும் ஆவணுமா சார்? இப்பத்தான் வார்டு சிஸ்டர் ஆயிகீறேன். ரெண்டு டாக்டருங்க என்னக் கேட்டுட்டுத்தான் அடுத்த வேல பாக்கறாங்க."

"அதான் ஒரு முடிவு பண்ணோம்," என்றார் தேவராஜ், ஏதோ பஞ்சாயத்தில் தீர்ப்பு வந்ததுபோல. "இவதான இத்தினி வருஷமா எறங்குவா எறங்குவான்றா. அவ எறங்கினா இவளும் வேலைய வுட்டுட்டு கடப்பாக்கம் வரணும். எறங்கலியா, நான் வாய மூடிகினு இங்கியே கெடக்கறேன்."

நான் எஸ்தரைப் பார்த்தேன். "விளையாட்டுத்தானேம்மா?"

"இல்ல சார். ஒத்துகினேன். முப்பது வருஷம் சொன்ன பேச்ச இப்ப மாத்துனா, அப்ப சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆவும்ல?" குரலில் இருந்த உறுதி முகத்தில் இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அந்த அம்மா, தான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

சென்னையில் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரிடம் முழுப் பிரதி கிடைத்தது. முந்தைய நாள்தான் கைக்கு வந்தது. முதல் ஐந்து நிமிடம் ஓடுகிறதா, கடைசியில் 'வணக்கம்' வருகிறதா என்று பார்த்து மூடிவைத்தேன். முடிவை ரசிகர்களோடு ரசிகனாகப் பார்க்க விரும்பியதாகப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அன்று கேன்டீனில் ரசம் தகராறு.

சனிக்கிழமை மதியம். கூடம் நிறைந்திருந்தது. வந்திருந்த குடும்பங்களை ஊர் சேர்க்க ஒரே ஒரு பஸ், ஐந்தேகாலுக்குக் கிளம்பும். பட நேரம் போக இருபது நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த இருபதை மேலாளர் தின்றார். தேவராஜுக்குச் சால்வை போர்த்தினார், சுவர்க்கடிகாரம் கொடுத்தார், இனி நேரம் பார்த்து எழ வேண்டியதில்லை என்று சொல்லி அதே கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார். பிறகு பிரிவுக்கு ஒரு சால்வை. நம் ஊரில் ஒருவரைக் கௌரவிப்பது என்றால் அவருக்கு வியர்க்க வேண்டும்.

அடுத்து என் முன்னுரை. பொற்காலத் திரைப்படத்தில் ரயில் ஒரு குறியீடு என்றேன். நிழல் பேசும் என்றேன். பார்க்காத முடிவைப் பற்றிப் பூடகமாகப் பேசினேன். தெரியாத விஷயத்தில் பூடகம் எனக்குத் தானாக வரும். பேசி இறங்கி மணியைப் பார்த்தால், படம் முடிவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பாகவே பஸ் கிளம்பிவிடும். என் முன்னுரையின் நீளம் எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம்.

இந்த நிலைமை உங்களுக்கும் வரும். பதினைந்து நிமிடத்தை வெட்ட வேண்டும், யோசிக்க ஒரு பாட்டு நேரம்தான் இருக்கிறது. பாட்டில் கை வைத்தால் உயிரோடு வெளியே போக முடியாது. நீதிமன்றக் காட்சியை வெட்டினால் கதை போச்சு. மிச்சம் நகைச்சுவை. பழைய படங்களில் நகைச்சுவை தனி வண்டிபோல ஓடும். நாயகனுக்கு ஒரு வீடு, நகைச்சுவைக்காரருக்கு ஒரு தெரு, இரண்டு பேரும் சந்திக்கக்கூட மாட்டார்கள். இந்தப் படத்திலும் குடை ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் ரயிலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மூன்று காட்சி. சொல்லி வைத்ததுபோல் மொத்தம் பதினைந்து நிமிடம். இணையப் பிரதியில் அவற்றை நான் பார்த்திருக்கிறேன். கதையோடு ஒட்டவே இல்லை. மடிக்கணினி என் கையில். மூன்று இடத்திலும் தாண்டினேன். ரொம்பக் கச்சிதமான வேலை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது தாண்டலில் இருட்டுக்குள்ளிருந்து எஸ்தரின் குரல் வந்தது. "சார், அந்தக் குடைக்காரரு எங்க?"

எனக்குக் காது கேட்காமல் போயிற்று.

"சும்மா இரு, வருவான்," என்றார் தேவராஜ்.

வந்தார். எங்கே வந்தார் என்று கேளுங்கள்.

கடைசிக் காட்சி. ரயில் நகர்கிறது. ஆசிரியை வாசற்படியில். பிளாட்பாரத்தில் அச்சகக்காரன் ஓடி வருகிறான். தேவராஜ் சால்வையைக் கழற்றி மடியில் சுருட்டிப் பிடித்திருந்தார். எஸ்தர் முன் நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தார். கடப்பாக்கத்தில் காற்று அடித்த இடம் கடந்துவிட்டது. இனி இந்த உலகத்தில் யாரோ ஒரு சிலர் மட்டுமே பார்த்த பகுதி. அங்கே கேமரா அவளையும் விட்டது, அவனையும் விட்டது. அடுத்த பெட்டிக்குப் போனது. உள்ளே ஓர் ஆள் அண்ணாந்து அபாயச் சங்கிலியைப் பார்க்கிறார். மடியில் குடை.

நான் வெட்டிய ஆளேதான். அவர் கை மெல்ல மேலே போகிறது. நான் பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டேன். கை பாதி வழியில் நின்றது.

"ஏய்! இன்னாய்யா!"

"லைட்ட போடு!"

"மச்சான், கரன்ட்டா கம்ப்யூட்டரா?"

"யாருய்யா அந்த ஆளு? நடுவுல எங்கேர்ந்து வந்தான்?"

அதே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பஸ் ஓட்டுநர் ரஹீம் பாய் வந்தார். "அண்ணாத்த, வணக்கம் போட்டாச்சா? வண்டிய எடுக்கணும். ஏழு மணிக்குக் கோவளத்துல கல்யாண வூட்டு ஆளுங்கள ஏத்தணும்."

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொத்தானை மறுபடி அழுத்தியிருந்தால் ஓரிரு நிமிடத்தில் படம் முடிந்திருக்கும். யாரோ ஒருவர் சங்கிலியை இழுத்தார், ரயில் நின்றது, பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. எனக்கு ஒரு கெட்ட பெயரும் வராது. கெட்ட பெயர் முழுக்கப் படத்துக்குத்தான் போகும்: 'பழைய படம்ல, அப்பிடித்தான் இருக்கும்.' நம் தொழிலில் நடக்கும் பாதிக் கொலைகள் இப்படித்தான் நடக்கின்றன. வாயால் விளக்கிச் சொல்லலாம். விளக்கப்பட்ட நகைச்சுவையை யாரும் இதுவரை உயிரோடு பார்த்ததில்லை. மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது.

விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன். "இந்த ஆள் இதுக்கு முன்னாடி மூணு இடத்துல வர்றார். நேரம் இல்லைன்னு நான் வெட்டிட்டேன்."

"நெனச்சேன்," என்றார் எஸ்தர்.

"பேச்ச வெட்ட வேண்டியதுதான?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கைதட்டல். அன்று எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

"பதினஞ்சு நிமிஷம். அந்த மூணு காட்சியையும் போட்டுட்டு, விட்ட இடத்துக்கு வரேன். பாய் மட்டும் மனசு வைக்கணும்."

"நானு வெச்சாலும் கல்யாண வூட்டுக்காரன் வெக்க மாட்டான் அண்ணாத்த. பேஜாரு பண்ணாதீங்க."

கெஞ்சினால் வேலைக்காகாது என்று தெரிந்துவிட்டது. "சரி பாய். முதல் காட்சிய மட்டும் நின்னு பாருங்க. பிடிக்கலைன்னா ஹாரன் அடிங்க, எல்லாரும் வந்துருவோம்."

அவர் கதவில் சாய்ந்து நின்றார். கையில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

முதல் காட்சி. குடைக்காரர் ரயிலில் இருக்கும் அறிவிப்பைப் படிக்கிறார்: தக்க காரணமின்றிச் சங்கிலியை இழுத்தால் ஐம்பது ரூபாய் அபராதம். டிக்கெட் பரிசோதகரைக் கூப்பிடுகிறார். காரணம் இருந்தால் எவ்வளவு? இருந்தால் இலவசம். அந்தக் காரணம் எங்கே கிடைக்கும்? பரிசோதகர் முறைத்துவிட்டுப் போகிறார். குடைக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, ஒருமுறை அந்தச் சங்கிலியை இழுக்க வேண்டும். காரணம் கிடையாது. அதனால் அபராதத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்குகிறார்.

கதவருகே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் கலைந்துவிடும்.

இரண்டாவது காட்சி. சேர்த்த சில்லறையை மூடிய குடைக்குள் ஒளித்துவைக்கிறார். மழை வருகிறது. மறந்துபோய்க் குடையை விரிக்கிறார். அவ்வளவு சில்லறையும் அவர் தலையில்.

"யோவ் பாய், உக்காருய்யா, மறைக்கிது!" என்றார்கள். பாய் கதவை விட்டுத் திரைக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார்.

மூன்றாவது. பணம் சேர்ந்துவிட்டது. சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ரயிலில் எழுந்து நிற்கிறார். கை சங்கிலி வரைக்கும் போகிறது. சுற்றிப் பார்க்கிறார். பெட்டியில் எல்லாரும் தூங்குகிறார்கள். எதிரே ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. கையை இறக்கிக்கொள்கிறார். உட்காருகிறார். வசனம் கிடையாது. குழந்தை விழித்துக்கொள்ளாமல் இருக்கக் குடையால் வெயிலை மறைக்கிறார். சிரித்துக்கொண்டிருந்த கூடம் அப்படியே அடங்கியது.

இப்போது விட்ட இடத்துக்கு வந்தேன். பாதியில் நின்ற கை மேலே போனது. இந்த முறை யாரும் யார் அந்த ஆள் என்று கேட்கவில்லை.

"இழு!" என்று ரஹீம் பாய் கத்தினார்.

"இழுய்யா! காரணம் கெடச்சிடுச்சு!"

இழுத்தார். ரயில் நின்றது. நான் அந்த மன்றத்தில் எத்தனையோ வாள்சண்டை காட்டியிருக்கிறேன். அப்படி ஒரு விசில் கேட்டதில்லை.

ஆனால் அவள்? ரயில் நின்றுவிட்டது. ஆசிரியை வாசற்படியில் நிற்கிறாள். கீழே அச்சகக்காரன் மூச்சிரைக்க நிற்கிறான். அவள் ஒரு படி இறங்குகிறாள். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் படியில் நின்று அவள் கையை நீட்டுகிறாள். அவன் அந்தக் கையைப் பார்க்கிறான், தன் அச்சகத்து மை படிந்த கையைப் பார்க்கிறான், பிடித்துக்கொண்டு ரயிலில் ஏறுகிறான்.

தேவராஜ் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "பாத்தியா! எறங்கல! நான் சொன்னனா இல்லியா! எறங்கல!" இரண்டு பக்கமும் திரும்பிக் கூடத்துக்கே அறிவித்தார். முப்பது வருஷத்து வெற்றி. சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

எஸ்தர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "ஆமாய்யா," என்றார் சாந்தமாக. "நீதான் கெலிச்ச."

அப்போதுதான் தேவராஜுக்கு, தான் எதில் கெலித்தோம் என்பது உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார்.

திரையில் ரயில்வே கார்டு வந்து குடைக்காரரிடம் காரணம் கேட்கிறார். குடைக்காரர் வாசற்படியைக் காட்டுகிறார். கார்டு எட்டிப் பார்க்கிறார். அபராதம் கிடையாது, இலவசம் என்கிறார். ரயில் போகிறது. குடைக்காரர், செலவாகாத ஐம்பது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, இனி எதற்கு ஆசைப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். வணக்கம்.

பழைய படங்களில் வீணான ஆளே கிடையாது என்று நான் சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். நிறைய உண்டு. ஆனால் எவர் வீண் என்பது வணக்கம் வரும்வரை தெரியாது. அந்த இயக்குநர்கள் பார்க்கிறவர்களை நம்பினார்கள். முதல் மணி நேரத்தில் சிரித்ததை மூன்றாவது மணி நேரம் வரை மடியில் வைத்திருப்பார்கள் என்று நம்பினார்கள். எஸ்தர் முப்பது வருஷம் வைத்திருந்தார். ஆகவே கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் முன், படத்தைக் கடைசிவரை பாருங்கள். அப்படியும் நேரம் போதவில்லை என்றால், அதிகம் தேட வேண்டாம். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரை வெட்டுங்கள்.

பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டே ரஹீம் பாய், "யாரும் சங்கிலி தேடாதீங்க, இந்த வண்டில கெடையாது," என்றார். கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். "காரணம் இருந்திச்சின்னு சொல்லுவேன்," என்றார்.

எஸ்தர் முதலில் ஏறினார். படியில் நின்று திரும்பிக் கையை நீட்டினார். தேவராஜ் ஒரு கையில் சுவர்க்கடிகாரமும் மறு கையில் டிபன் கேரியருமாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கீழே நின்றார். பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் விசிலடித்தார்கள். எஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. "அட, கேரியரக் குடுய்யா!"

இப்போது தேவராஜ் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு அந்தக் கேரியரைத் தினமும் வண்டியில் கொண்டுபோகிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடப்பாக்கம் போய்ப் புது வீட்டின் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துவிட்டு வருகிறார்கள். மன்றத்தில் எந்தப் படம் போட்டாலும் முன் வரிசையில் இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் என்னைப் பேசக் கூப்பிடுகிறீர்கள். வருகிறேன். என் முன்னுரை இப்போது இரண்டு நிமிடம். எஸ்தரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்று.